வெஞ்சர்ஸை வெறும் சர்ஃப் பேண்டுன்னு சொல்லாதீங்க சாமி!

போன வாரம் ஆபீஸ் கேண்டீன்ல ஒரு சம்பவம். பக்கத்து டீம் நண்பர் ஒருத்தர் என் மொபைலை எட்டிப் பார்த்துட்டு, "வெஞ்சர்ஸா? அடுத்தவன் பாட்டை வாசிச்சே பேர் வாங்கின சர்ஃப் பேண்டுதானே?"ன்னு போற போக்குல சொல்லிட்டுப் போயிட்டார். வாய் நிறைய சாம்பார் சாதம் இருந்ததால அப்ப பதில் சொல்ல முடியல. இப்ப சொல்றேன். கொஞ்சம் சூடாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க மக்களே.

முதல்ல இந்த சர்ஃப் விவகாரம். இவங்க ஆரம்பிச்சது 1958ல, வாஷிங்டன் மாநிலத்து டகோமாவுல. குளிரும் மழையுமா இருக்கற ஊர். அங்க அலைச்சறுக்குப் பலகையைத் தூக்கிட்டுப் போனா ஜலதோஷம்தான் மிஞ்சும். பாப் போகிளும் டான் வில்சனும் கட்டட வேலை செஞ்சவங்க. அடகுக் கடை கிடாரை வெச்சுக்கிட்டு ஆரம்பிச்சாங்க. 'வாக், டோன்ட் ரன்' 1960ல பில்போர்டுல 2ஆம் இடம் வரைக்கும் போச்சு. சர்ஃப் வாத்திய இசைக்குப் பிள்ளையார் சுழின்னு பலரும் சொல்ற டிக் டேலோட 'லெட்ஸ் கோ ட்ரிப்பின்' வந்தது 1961ல. அப்பா பொறக்கறதுக்கு முன்னாடியே மகன் பொறந்துட்டானா?

சரி, 1963ல 'சர்ஃபிங்'னு ஒரு ஆல்பமே போட்டாங்களே, அதுக்கென்ன சொல்றேன்னு கேப்பீங்க. போட்டாங்க. அதே 1963லதான் கன்ட்ரி பாட்டுகளை வாசிச்சும் ஒரு முழு ஆல்பம் போட்டாங்க. அதை வெச்சு ஏன் யாரும் கன்ட்ரி பேண்டுன்னு சொல்லல? நியாயமாப் பார்த்தா அதுக்குத்தான் காரணம் அதிகம். லீட் கிடார் நோக்கி எட்வர்ட்ஸ் ஒக்லஹோமாக்காரர், முன்னாடி பக் ஓவன்ஸ் கூட வாசிச்சவர். அவங்க கையில பிரபலமான மோஸ்ரைட் கிடார் செஞ்சது பேக்கர்ஸ்ஃபீல்டுல. கன்ட்ரி கேக்கறவங்களுக்கு அந்த ஊரைத் தனியா அறிமுகப்படுத்த வேண்டியதில்ல.

இப்ப 'அடுத்தவன் பாட்டு'. 'வாக், டோன்ட் ரன்'னை 1954ல எழுதினவர் ஜாஸ் கிடாரிஸ்ட் ஜானி ஸ்மித். அதை செட் அட்கின்ஸ் 1957ல தன் பாணியில வாசிச்சார். கன்ட்ரி கிடாருக்கே அவர்தான் வாத்தியார். இந்தப் பசங்க கேட்டது அவர் ரெக்கார்டைத்தான். அட்கின்ஸ் மாதிரி விரலால வாசிக்க வராததால எளிமையாக்கி, டிரம்ஸை முன்னாடி கொண்டுவந்து, வாம்மி பாரைப் போட்டு ஆட்டினாங்க. கம்பெனிக்காரங்க மதிக்கலன்னதும் டான் வில்சனோட அம்மா ஜோசியே ஒரு லேபிள் ஆரம்பிச்சு வெளியிட்டாங்க. கேண்டீன் நண்பரே, நீங்களும் நானும் தினமும் அடுத்தவன் கோடை ஃபோர்க் பண்ணி, நாலு வரி மாத்தித்தான் சம்பளம் வாங்கறோம். அதுல என்ன மாத்தினோம்கிறதுதானே கேள்வி? ஜானி ஸ்மித்தையும் இவங்களையும் அடுத்தடுத்து கேட்டுப் பாருங்க, ரெண்டும் ஒரே பாட்டுன்னு கண்டுபிடிக்கவே ஒரு நிமிஷம் ஆகும்.

சொந்தமா எழுதலயாமே? 1970ல யூகோ நாகிசா பாடி ஜப்பானைக் கலக்கின 'கியோட்டோ நோ கோய்' மெட்டு யாருதாம்? 1965 சுற்றுப்பயணத்துக்கப்புறம் அந்த நாட்டுப் பசங்க எலெக்ட்ரிக் கிடாரும் கையுமா அலைஞ்சாங்க. அந்தப் பித்துக்கு 'எலெகி'ன்னு பேரே வெச்சுட்டாங்க. அதே வருஷம் இவங்க கிடார் சொல்லிக்குடுக்கற ரெக்கார்டு ஒண்ணு போட, அது அமெரிக்க ஆல்பம் பட்டியல்லயே ஏறிடுச்சு. பாடம் எடுத்த தட்டு ஹிட்டாகுதுன்னா யோசிச்சுப் பாருங்க!

எனக்கு எரிச்சல் எதுலன்னா, ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் இவங்களை உள்ள விட்டது 2008ல. டிரம்மர் மெல் டெய்லர் 1996லயே போயிட்டார். போகிள் அடுத்த வருஷமே, 2009ல போயிட்டார். நோக்கி 2018ல, டான் வில்சன் 2022ல. 'சர்ஃப்', 'காப்பி'ன்னு ரெண்டு சீட்டு ஒட்டி மூலையில வெச்சதோட பலன் இது.

இந்தப் பதிவோட சுட்டியை நண்பருக்கு அனுப்பியிருந்தேன். "படிச்சுட்டு சொல்றேன் பாஸ்"னு பதில் வந்துச்சு. ரெண்டு நாளாச்சு. கேண்டீன்லயும் ஆளைக் காணோம்.