லாபம் ரூ.649 கோடின்னாங்க... நிஜம் ரூ.61 கோடி! கம்பெனி கணக்கை எப்படிப் படிக்கணும்?

காலாண்டு முடிவுகள் வந்தாலே, 'லாபம் கிடுகிடு உயர்வு' என்ற செய்தி போனில் வந்து விழும். அந்த ஒரு எண்ணை நம்பி பங்கு வாங்கலாமா? சத்யம் கம்ப்யூட்டர்ஸ் விவகாரம் சொல்லும் பதிலைப் பார்ப்போம்.

என்ன நடந்தது?

2009 ஜனவரி 7. ஹைதராபாத் ஐடி நிறுவனமான சத்யத்தின் தலைவர் ராமலிங்க ராஜு, இயக்குநர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். 2008 செப்டம்பர் காலாண்டின் செயல்பாட்டு லாபம் ரூ.649 கோடி அல்ல, வெறும் ரூ.61 கோடிதான் என்று அதில் ஒப்புக்கொண்டார். அன்றே பங்கு விலை 70 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது.

மூன்று கணக்கு, மூன்று கேள்வி

லாப நட்டக் கணக்கு: இந்தக் காலத்தில் வரவு போக செலவு போக மிச்சம் என்ன? கடனுக்கு விற்றிருந்தால், பணம் கைக்கு வராவிட்டாலும் இங்கே வருமானமாக ஏறிவிடும்.

பேலன்ஸ் ஷீட்: குறிப்பிட்ட ஒரு நாளில் சொத்து எவ்வளவு, கடன் எவ்வளவு, பங்குதாரர்களுக்கு மிஞ்சுவது எவ்வளவு?

கேஷ் ஃப்ளோ: நிஜமாகவே எவ்வளவு பணம் வந்தது, எவ்வளவு போனது?

ஏன் சேர்த்துப் பார்க்கணும்?

இல்லாத லாபத்தை எழுதினால், 'அந்தப் பணம் எங்கே?' என்ற கேள்வி வரும். அதற்காக சத்யத்தின் பேலன்ஸ் ஷீட்டிலும் பொய் ஏறியது. கையிருப்பு, வங்கி இருப்பு என்று காட்டிய ரூ.5,361 கோடியில் ரூ.5,040 கோடி இல்லவே இல்லை!

வங்கி இருப்பையே பொய்யாகக் காட்டும் மோசடியை வெளியிலிருந்து பிடிப்பது கஷ்டம்தான். சத்யம் கணக்கிலும் ஆடிட்டர் கையெழுத்து இருந்தது. ஆனால், வழக்கமாக வரும் சிக்கல்களை நாமே கண்டுபிடிக்கலாம்.

எதைக் கவனிக்கணும்?

* லாபம் வருஷா வருஷம் ஏறுது, தொழிலில் இருந்து வரும் பணம் மட்டும் ஏறலையா? உஷார்.
* விற்பனையைவிட வேகமாக, வரவேண்டிய பாக்கி கூடுதா? விற்ற காசு வசூலாகலைன்னு அர்த்தம்.
* கையில் நிறைய ரொக்கம் இருக்குன்னு சொல்லிக்கிட்டே கடன் வாங்குறாங்களா? காரணத்தைத் தேடுங்க.
* ஆடிட்டர் அறிக்கையில் ஆட்சேபணை இருக்கா? அதை முதலில் படிங்க.

எங்கே கிடைக்கும்?

பங்குச்சந்தைகளான என்.எஸ்.இ., பி.எஸ்.இ. இணையதளங்களில் இலவசமாகவே பார்க்கலாம். ஒரு விஷயம்: செபி விதிப்படி லாபக் கணக்கு காலாண்டுக்கு ஒருமுறை வரணும். பேலன்ஸ் ஷீட், கேஷ் ஃப்ளோ இரண்டும் அரையாண்டுக்கு ஒருமுறை வந்தால் போதும். அதனால் ஜூன், டிசம்பர் காலாண்டுகளில் லாபத்தை மட்டும் பார்த்து அவசரப்படாதீங்க. மற்ற இரண்டும் வரும்வரை காத்திருந்தால் நஷ்டம் ஒன்றுமில்லை.