எலியாப் வைத்த பெயர்



தாயும் தகப்பனும் ஓயாமல் சண்டையிடும் வீட்டில் வளரும் பதினைந்து வயதுப் பிள்ளை நம்மிடம் வந்து, தான் எதற்கும் உதவாத பிள்ளை என்று அழுதால், நாம் என்ன சொல்லி அனுப்புகிறோம்? ஐந்தாம் கற்பனையை நினைப்பூட்டி, பொறுத்துக்கொள் என்கிறோம். அதே பிள்ளை சற்று நிமிர்ந்து பேசினாலோ, பெருமை என்று கண்டிக்கிறோம். இது வேதம் காட்டும் வழியன்று.

முதலாம் சாமுவேல் 16, 17 அதிகாரங்களை வாசித்துப் பாருங்கள். ஈசாயின் ஏழு குமாரர் சாமுவேலுக்கு முன்பாகக் கடந்துபோனார்கள். தீர்க்கதரிசி கேட்கும்வரை, வெளியே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த எட்டாவது மகனைத் தகப்பன் அழைக்கவில்லை. பின்பு அண்ணன்மாருக்கு அப்பமும் வறுத்த பயறும் சுமந்து போர்க்களம் வந்த தாவீது, கோலியாத்தைக் குறித்து விசாரித்தான். மூத்தவன் எலியாப் சீறினான். தம்பி மேய்ப்பது சொற்ப ஆடுகளே என்று எள்ளினான். அவன் உள்ளத்தில் இருப்பது அகந்தை என்று பெயர் வைத்தான்.

அது அகந்தையா? சிங்கத்திடமிருந்தும் கரடியிடமிருந்தும் ஆட்டை மீட்டதைத் தாவீது சவுலுக்குச் சொன்னான். தன்னைத் தப்புவித்தவர் கர்த்தர் என்றும் சொன்னான். தன் கை செய்ததை அவன் மறைக்கவில்லை. பெலன் தந்தவரை மறக்கவும் இல்லை. தன்மதிப்பு என்பது இதுவே. வீட்டார் கொடாத மதிப்பை, ஒப்படைக்கப்பட்ட சிறு வேலையை உண்மையாய்ச் செய்ததில் அவன் கண்டடைந்தான். எலியாபோடு மல்லுக்கு நிற்கவும் இல்லை. அவனைவிட்டுத் திரும்பி, வேறொருவனிடம் பேசினான்.

பிள்ளைகளுக்குத் தாழ்மை வேண்டாமா என்பீர்கள். வேண்டும். ஆனால் ஒருவர் மனமுவந்து தரித்துக்கொள்வதே தாழ்மை. பிறர் மிதிப்பதால் வருவது மனமுறிவு.

பெற்றோரே, கொலோசெயர் 3-ஆம் அதிகாரத்தின் 20-ஆம் வசனம் பிள்ளைகளுக்குரியது. அதை அடிக்கடி ஓதுகிறோம். 21-ஆம் வசனம் தகப்பன்மாருக்குரியது. பிள்ளையின் மனம் ஒடிந்துபோகுமளவுக்கு எரிச்சலூட்டலாகாது என்று எச்சரிக்கிறது. அதை ஏன் தாண்டிப்போகிறோம்? பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணோடு ஒப்பிடுவதும், உங்கள் சண்டையில் பிள்ளையைத் தூது அனுப்புவதும், நீ யார் பக்கம் என்று கேட்பதும் கண்டித்து வளர்ப்பதாகாது.

சபையாரே, அத்தகைய பிள்ளைக்குப் புத்திமதி கூறுமுன் ஒரு பொறுப்பைக் கொடுங்கள். ஓய்வுநாள் பள்ளியின் சிறுவருக்குக் கதை சொல்லட்டும். செய்து முடித்தபின், பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். வீட்டில் அடி விழுகிறது என்று அறிந்தால், பொறுமையைப் போதித்துத் திருப்பி அனுப்பாதீர்கள். 1098 என்னும் சிறார் உதவி எண்ணை அழையுங்கள்.

வாலிபப் பிள்ளையே, உன் பெற்றோரின் சண்டைக்கு நீ காரணமல்ல. உன் கையில் இன்று இருக்கும் சொற்ப ஆடுகளை உண்மையாய் மேய்த்து வா. எலியாப் வைக்கும் பெயரை நீ சுமக்க வேண்டியதில்லை.

இந்த வாரக் குடும்ப ஜெபத்தில், அந்த 21-ஆம் வசனத்தைத் தகப்பனே எடுத்து, பிள்ளைகள் கேட்கும்படி சத்தமாய் வாசிக்கட்டும். கர்த்தர் உங்கள் இல்லங்களுக்குச் சமாதானம் அருள்வாராக. ஆமென்.