புகைபோக்கியைக் கொஞ்சம் பாருங்கள்



ஐப்பசி பிறந்துவிட்டது. இனி மார்கழி வரை நம் பேச்செல்லாம் மழையைப் பற்றித்தான்.

காற்றின் போக்கை அறிய நெய்வேலியில் தனிக் கருவி வேண்டியதில்லை. அனல்மின் நிலையப் புகைபோக்கி போதும். கோடைக் காலையில் புகை கிழக்கே சாய்ந்தால் அனல் அள்ளிவரும் மேலைக்காற்று. பிற்பகலில் அதுவே விருத்தாசலம் பக்கம் திரும்பினால், கடலூர்க் கடற்காற்று ஊருக்குள் வந்துவிட்டது, வெக்கை தணியும்.

மேற்கே ஒரு மேகம் மளமளவென்று உயர்ந்து, அதன் தலை கொல்லன் பட்டடைபோலத் தட்டையாக விரிந்தால் அது இடிமேகம். திடீரென்று சில்லென்ற காற்று வீசினால் மழை பக்கத்தில் வந்துவிட்டது. மின்னலுக்கும் இடிக்கும் இடைப்பட்ட நொடிகளை மூன்றால் வகுத்தால் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். ஆனால் இடி காதில் விழுந்தாலே நாமும் மின்னலின் எல்லைக்குள்தான் இருக்கிறோம். முந்திரி மரத்தடியில் ஒதுங்காதீர்கள். கடைசி இடிக்குப் பிறகும் அரை மணி நேரம் வீட்டுக்குள்ளேயே இருங்கள்.

மார்கழி, தை மாதங்களில் வானம் தெளிந்து காற்று அசையாத இரவுகளில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். விடியலில் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாவிட்டால் அது மூடுபனி. முதல் ஷிப்டுக்கு வண்டியில் போகிறவர்கள் முகப்பு விளக்கைத் தாழ்த்தி எரியவிட்டு மெதுவாகப் போங்கள்.

இவையெல்லாம் கண்ணால் பார்த்துச் சில மணி நேரத்துக்கு முன்னால் அறியக்கூடியவை. புயல் அப்படியல்ல. 2011 டிசம்பர் 30 விடியலில் கடலூர் அருகே கரையேறிய தானே புயல், நம் சுற்றுவட்டாரத்தில் தலைமுறையாக வளர்ந்த பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. புயலின் கண் ஓர் ஊரைக் கடக்கும்போது காற்று சட்டென்று ஓயும். ஓய்ந்துவிட்டது என்று வெளியே வந்தால், எதிர்த்திசையிலிருந்து மறுபடி அடிக்கும்.

பெயரை வைத்தும் ஆபத்தை அளக்க முடியாது. காற்றின் வேகம் மணிக்கு 62 கி.மீ.யைத் தொட்டால்தான் அதைப் புயல் என்பார்கள். 2015 நவம்பரில் வந்தது புயல்கூட இல்லை, ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்தான். ஆனால் நெய்வேலியில் ஒரே நாளில் 48 செ.மீ. கொட்டியது. ஒரு நாளில் 20 செ.மீ.யைத் தாண்டினாலே வானிலை மையத்தின் கணக்கில் அதி கனமழை!

ஆகவே, அன்றாட வானத்தை நீங்களே பார்த்துப் பழகுங்கள், பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். வங்கக் கடலில் தாழ்வு என்று செய்தி வந்தால் மட்டும் வானிலை மையத்தின் அறிவிப்பைக் கேளுங்கள். மழைக்குச் சிவப்பு எச்சரிக்கை என்றால், "புயல் இல்லையே" என்று இருந்துவிடாதீர்கள்.

உங்கள் வட்டத்தில் இந்த மழைக்காலம் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்; வரும் இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்