இரண்டு பக்கம், அறுபது நிமிஷம்

1984-லிருந்து பன்னிரண்டு வருஷம் பாளையங்கோட்டையில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் வேலை பார்த்தேன். வருகிறவர் வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொண்டுவருவார். ரிக்கார்டிலிருந்து கேசட்டில் பதிந்து தருவோம். காப்புரிமைச் சட்டப்படி அது தப்பு என்று எங்களுக்கும் அரைகுறையாகத் தெரியும். அதற்கு நியாயம் பேச இப்போது வரவில்லை.

அறுபது நிமிஷக் கேசட்டில் பக்கத்துக்கு முப்பது நிமிஷம். சினிமாப் பாட்டு என்றால் மொத்தம் பதினைந்து கொள்ளும். அவரோ இருபத்தைந்து எழுதி வந்திருப்பார். "அண்ணாச்சி, பத்தைத் தட்டணும்" என்பேன். முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டுமே! பெஞ்சில் உட்கார்ந்து பென்சிலால் அடிப்பார், அடித்ததையே திரும்ப எழுதுவார். அரை மணி நேரம் ஓடிவிடும். தனக்கு எது நிஜமாகவே பிடிக்கும் என்பது பலருக்கு அந்த பெஞ்சில்தான் தெரியவந்தது.

தபால் இலாகாவில் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், பம்பாயில் இருந்த புது மாப்பிள்ளைக்கு ஒரு கேசட் கேட்டார். ஏ பக்கம் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம். பி பக்கம், 'நல்லதம்பி' படத்தில் என்.எஸ்.கிருஷ்ணன் நடத்தும் கிந்தனார் காலட்சேபம். இரண்டும் எப்படி ஒட்டும் என்றேன். "மாப்பிள்ளை சிரிக்கிற ஆளான்னு இன்னும் பிடிபடலை. என்ன எழுதுதார்னு பாப்போமே" என்றார். மாசம் ஒன்று கழித்து வந்தார். "ஏ பக்கம் ரொம்ப நல்லா இருந்துச்சாம்" என்று சொல்லிவிட்டு, வேறெதுவும் பேசாமல் போனார்.

இன்று என் கைபேசியில் விடிவதற்குள் பத்துப் பன்னிரண்டு பாட்டுகள் வந்து கிடக்கின்றன. கூடவே நாலு கவிதை, இரண்டு துணுக்கு. எல்லாவற்றுக்கும் ஒரே தலைப்பு: அருமை. அனுப்பியவர் முழுசாகக் கேட்டாரா, எந்த இடம் அவரைப் பிடித்து நிறுத்தியது, எனக்கு ஏன் அனுப்பினார்? ஒன்றும் தெரியாது. இலை போடாமலே பரிமாறுகிறார்கள்.

ரசிகமணி டி.கே.சி. எங்கள் நெல்லைச் சீமைக்காரர். அவர் வீட்டில் கூடிய வட்டத்தொட்டி என்ற இலக்கியச் சபையில் கம்பன் பாட்டு ஒன்றை எடுத்தால், திருப்பித் திருப்பிச் சொல்லி, எதிரே இருப்பவருக்கு அதன் ருசி பிடிபடும்வரை விடமாட்டாராம். பிடிக்காததையும் அவர் மூடி மறைக்கவில்லை. கம்பன் பாடியிருக்க மாட்டான் என்று தோன்றியவற்றை ஒதுக்கிவிட்டே பதிப்பித்தார். புலவர்கள் சண்டைக்கு வந்தார்கள்; எனக்கும் அதில் உடன்பாடு இல்லை. ஆனாலும் சண்டை போட அங்கே ஓர் ஆள் இருந்தார். எல்லாமே அருமை என்கிறவரிடம் எதைச் சொல்லி மல்லுக்கு நிற்பது?

கடைக்கு வரும் தமிழாசிரியர் ஒருவர் காளமேகத்தின் சிலேடைகளைப் பாதிதான் சொல்வார். பாம்புக்கும் எள்ளுக்கும் பொருந்தும் வெண்பாவில் எள்ளை மட்டும் விளக்கிவிட்டு, "பாம்பை நாளைக்குள்ள நீயே பிடி" என்று சைக்கிளில் ஏறிவிடுவார். அன்று ராத்திரி தூக்கம் போகும். 'மோகமுள்' நாவலையும் அவர்தான் கொடுத்தார். "பாட்டு வாத்தியார் ரங்கண்ணா வர்ற பக்கங்களை மட்டும் படி. நீ காதை வச்சுப் பொழைக்கிறவன்." நான் முழுசையும் படித்தேன். ஒரு மாதம் விடாமல் கேள்வி கேட்டார்.

பழைய காலம் உசத்தி என்று சொல்ல மாட்டேன். நாங்கள் பதிந்த கேசட்டில் பாட்டைவிட இரைச்சல் கூடுதல். இன்று கோவில்பட்டியில் இருக்கும் பிள்ளை நினைத்த நொடியில் எம்.டி.ராமநாதன் கச்சேரியைக் கேட்கலாம், அது பெரிய வரம். நான் கேட்பது கொஞ்சம்தான்: வாரத்துக்கு ஒன்று அனுப்புங்கள், ஒருவருக்கு அனுப்புங்கள், எந்த இடம் என்று சொல்லுங்கள்.

போன மாதம் கல்லூரியில் படிக்கும் பேத்திக்கு ராமநாதன் பாடியது ஒன்றை அனுப்பி, ஆறாவது நிமிஷத்தில் குரல் கீழே இறங்குவதைக் கவனி என்று எழுதினேன். ராத்திரி பதில் வந்தது: "தாத்தா, ஆறாவது நிமிஷம் வரைக்கும் வர்றதுக்குள்ள ரெண்டு தடவை தூங்கிட்டேன்." கூடவே அவளுக்குப் பிடித்த ராப் பாட்டு ஒன்று, 'ரெண்டாவது நிமிஷத்துல டிரம்ஸ் நிக்கும், அப்பக் கேளுங்க' என்ற குறிப்போடு. நான்கு முறை கேட்டுவிட்டேன். அவள் சொன்ன இடத்தில் டிரம்ஸ் நிற்கத்தான் செய்கிறது. எதற்காக நிற்கிறது என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.