ரத்தான வாரண்ட் ஏன் ஊர் சுற்றுகிறது?

'க்ளரிக்கல் மிஸ்டேக்' என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் கோபம் வரும். 34 வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். எங்கே எது நடந்தாலும் கடைசியில் பழி எங்கள் சாதியின் தலையில்தான் விழும். நான் சொல்வது குமாஸ்தா சாதியை.

செங்கல்பட்டில் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மா ஒருத்தி உண்டு. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு குப்பத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் வருவாள். ஒரு சனிக்கிழமை கூடை இல்லாமல் வந்து வாசலில் நின்றாள்.

"அய்யா, கேஸு போன மாசமே ரத்தாயிடுச்சுன்னு வக்கீல் சொன்னாரே. இப்ப விடிகாலைல வந்து அவர இழுத்துக்கினு போயிட்டாங்க."

ரத்தானது கேஸ் அல்ல, வாரண்ட். படகு நிறுத்தும் இடத்தில் நடந்த ஒரு பழைய கைகலப்பு வழக்கில் அவள் புருஷன் ஒரு வாய்தாவுக்குப் போகவில்லை. அன்று கடலில் இருந்தார். ஜாமீனில் விடமுடியாத பிடிவாரண்ட் பிறந்தது. வக்கீல் ரீகால் மனு போட்டார். அந்த மனிதரும் நேரில் போய்க் கைகட்டி நின்றார். மேஜிஸ்திரேட் வாரண்டை ரத்து செய்தார். மூன்று வாரம் கழித்து, வலையை இறக்கிக்கொண்டிருந்தவரை அதே வாரண்டை வைத்துப் பிடித்துவிட்டார்கள்.

எந்தக் கோர்ட், எந்த ஸ்டேஷன் என்று நான் எழுதப்போவதில்லை. அன்று சாயங்காலம் விடுமுறை நாள் மேஜிஸ்திரேட் முன் நிறுத்தினார்கள். "ரத்தான வாரண்டுக்கு உயிர் இல்லை, இந்தக் கைதே செல்லாது" என்று வக்கீல் வாதாடினார். கையில் உத்தரவு நகல் இல்லை. சொந்த ஜாமீனில் விட்டு, திங்கட்கிழமை கோர்ட்டுக்கு வரச் சொன்னார்கள். திங்களன்று கட்டைப் பிரித்தால் ரத்து உத்தரவு உள்ளேயே இருக்கிறது. ஸ்டேஷனுக்குத் தகவல் மட்டும் போகவில்லை. "க்ளரிக்கல் மிஸ்டேக்தான், நீ போப்பா" என்று அனுப்பிவிட்டார்கள். போனது இரண்டு நாள் தொழில். குப்பத்தில் நாலு பேர் முன்னால் போன மானத்துக்குக் கணக்கு இல்லை.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. வாரண்ட் எழுத்தில் இருக்கவேண்டும், நீதிபதியின் கையெழுத்தும் கோர்ட் முத்திரையும் வேண்டும். நிறைவேற்றப்படும்வரை, அல்லது பிறப்பித்த கோர்ட் ரத்து செய்யும்வரைதான் அது செல்லும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 70-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1-ல் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 72-ஆவது பிரிவு. ரத்து செய்த நிமிஷமே அது வெறும் காகிதம்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதும் இல்லை. மும்பையில் 2002-ல் ஒரு வக்கீலையே, ரத்தான வாரண்டை வைத்து, அதுவும் ஆகஸ்ட் 15 அன்று கைது செய்தார்கள். அவர் விடவில்லை. கைது செய்த இன்ஸ்பெக்டர் தன் கைப்பணத்திலிருந்து 2,000 ரூபாய் கொடுக்கவேண்டும் என்று ஹைகோர்ட் சொன்னது. அது போதாது என்று அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். தொகை கூடவில்லை. ஆனால் 2011 செப்டம்பரில் வந்த அந்தத் தீர்ப்பு நாட்டிலுள்ள எல்லாக் கோர்ட்டுகளுக்கும் ஒரு நடைமுறையை வகுத்துக் கொடுத்தது. படித்தபோது, பழைய தபால் பிரிவில் மறுபடி உட்கார்ந்ததுபோல் இருந்தது எனக்கு. வாரண்ட் படிவத்துக்கு அச்சிட்ட எண் வேண்டும். கோர்ட்டில் ஒரு பதிவேடு, ஸ்டேஷனில் ஒரு பதிவேடு. ரத்தானால் அதைப் பதிவேட்டில் எழுதி, ஸ்டேஷனுக்கு நகல் அனுப்பி, வாரண்டைத் திரும்ப வாங்கவேண்டும். திரும்பி வந்த தேதியையும் பதியவேண்டும். குற்றம் சாட்டப்பட்டவருக்கும் ஒரு நகல் தரவேண்டும்.

இதில் புரியாதது எது? உள்வரவு, அனுப்புகை, தன்பதிவேடு பார்த்த எந்த குமாஸ்தாவும் அரை நாளில் கற்றுக்கொள்ளும் வேலை.

ஆள் பற்றாக்குறை என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன், கட்டுகள் மலைபோல் இருக்கின்றன. ஆனால் பிடிக்கச் சொல்லும் வாரண்ட் மட்டும் கோர்ட் கான்ஸ்டபிள் கையோடு ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறதே! விடச் சொல்லும் உத்தரவு அதே கையில் ஏன் போகக்கூடாது? ஆள் இல்லாதது ஒரு பக்கத்துக்கு மட்டும்தானா?

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். 'திக்தே' என்று வாத்தியார் வாசிக்க வாசிக்க எழுதவேண்டும். எழுத்தின் தலைமேல் ஒரு சின்னக் கோடு விட்டுப்போனாலும் மார்க் போகும். "கோடுதானே சார்" என்று ஒருமுறை முனகினேன். "அந்தக் கோடு இல்லாவிட்டால் அது வேறு வார்த்தை" என்றார். பதிவேட்டில் காலியாக விட்ட ஒரு கட்டமும் அப்படித்தான். அது நிரம்பியிருந்தால் அந்த மனிதர் வலை பின்னிக்கொண்டு வீட்டில் இருந்திருப்பார். பத்து வயதுப் பையனுக்கு இருந்த தண்டனை, ஒரு மனிதனை அடைத்துவைத்த பிழைக்கு இல்லை.

தவறு செய்தவர் யாரோ அவர் பணம் கட்டட்டும், 2,000 ஆனாலும் சரி. நாலு பேர் கட்டினால் ஐந்தாவது ஆள் பதிவேட்டைத் திறந்து பார்ப்பார்.

அதுவரை நண்பர்களே, உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாருக்காவது வாரண்ட் ரத்தானால், உத்தரவு நகலை வாங்காமல் கோர்ட் வாசலைத் தாண்டாதீர்கள். ஸ்டேஷனுக்கும் ஒரு நகலைக் கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். யாராவது பிடிக்க வந்தால் வாரண்டைக் காட்டச் சொல்லுங்கள். கேட்டால் காட்டவேண்டும் என்பது சட்டம்.

மீன்கார அம்மா இப்போது உத்தரவு நகலை பிளாஸ்டிக் கவரில் போட்டு, மீன் கூடையிலேயே வைத்துக்கொண்டு வருகிறாள். கோர்ட் வைக்கவேண்டிய பதிவேட்டை அவள் தலையில் சுமக்கிறாள்.