கோப்பை வந்தது, கதவு திறக்கவில்லை

2019 மார்ச் 9, சனிக்கிழமை. காலை ஆறு மணிக்கே நானும் பேரனும் தருமபுரி பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தோம். கோயம்புத்தூரில் கால்பந்து ஆட்டம் பார்க்கப் போகிறோம் என்றதும் வீட்டு அம்மாள் சொன்னது இது: "வருஷத்துக்கு ஒரு தடவை கருவூலத்துக்கு நேர்காணலுக்குப் போகணும்னா ஆட்டோ வேணும், மூட்டு வலிக்குதுன்னு சொல்வீங்க. இதுக்கு மட்டும் வலிக்காதா?" நியாயமான கேள்விதான். பதில் இல்லாததால் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

சேலத்தில் இறங்கி இட்லி சாப்பிட்டுவிட்டு அடுத்த பஸ் பிடித்தோம். பேரனுக்கு அப்போது பதினான்கு வயது. பள்ளி அணியில் இடது பக்கம் ஆடுபவன். எங்கள் மாவட்டத்தில் ஊருக்கு ஊர் வாலிபால் வலை கட்டியிருக்கும், கபடிக்கும் ஆள் சேரும். கால்பந்து ஆடுகிறவனை மட்டும் ஏதோ வெளியூர்க்காரனைப் போலப் பார்ப்பார்கள். எனக்கு அந்தப் பார்வை பழக்கம். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு, தமிழில் குறிப்பு எழுதும் குமாஸ்தாவாக இந்த மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தவன் நான். எங்கள் பள்ளியில் மாலை மணி அடித்ததும் 'பலோன்' என்ற ஒரே சொல்தான் எல்லோர் வாயிலும். உடன் ஆடியவர்களில் பாதிப் பேர் சொல்தா வீட்டுப் பிள்ளைகள். பின்னாளில் பிரான்ஸுக்குப் போய்விட்டார்கள். எனக்கு மிஞ்சியது அந்த மொழியும் அந்த ஆட்டத்தின் மீது ஒரு பைத்தியமும்.

அன்றைய ஆட்டம் சாதாரண ஆட்டமல்ல. ஐ-லீக்கின் கடைசி நாள். சென்னை சிட்டி எஃப்.சி. 40 புள்ளிகள், ஈஸ்ட் பெங்கால் 39. கோவை நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டிக்கு எதிரே மினெர்வா பஞ்சாப், அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலுக்கு எதிரே கோகுலம் கேரளா. சென்னைப் பெயரை வைத்துக்கொண்டு கோவையில் ஏன் ஆடுகிறார்கள் என்று பேரன் கேட்டான். 1946-ல் நுங்கம்பாக்கம் ஸ்போர்ட்ஸ் கிளப் என்று தொடங்கியது, ஐ-லீக்கில் முதல் வருஷம் சென்னையில் ஆடியது, அடுத்த வருஷமே கோவைக்கு வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். முதல் இரண்டு சீசனிலும் எட்டாவது இடம். மூன்றாவது சீசனில், சிங்கப்பூரிலிருந்து வந்த அக்பர் நவாஸ் என்ற பயிற்சியாளரோடு, பட்டத்துக்கு ஒரே ஒரு ஆட்டம் பாக்கி என்ற நிலைக்கு வந்து நிற்கிறது. எட்டாவது இடத்துக்காரன் முதல் இடத்துக்கு வருவதைப் பார்க்கத்தான் மூட்டு வலி மறந்து போனது.

மூன்றாவது நிமிடத்திலேயே கோல். நமக்கல்ல, மினெர்வாவுக்கு. எங்கள் பக்கத்து வரிசையில் இருந்த ஒரு பெரியவர் "போச்சு, போச்சு" என்று எழுந்து நின்றவர் இடைவேளை வரை உட்காரவே இல்லை. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஒரு கோல் அடித்து நிறுத்தினால் கோப்பை கொல்கத்தாவுக்கு. சுற்றிலும் எல்லோர் கையிலும் போன். கண் ஒரு ஆட்டத்தில், காது இன்னொரு ஆட்டத்தில். 56-வது நிமிடம் பெனால்டி. பெட்ரோ மான்ஸி போட்டார். அந்த சீசனில் அவர் அடித்தது மொத்தம் 21 கோல். பிறகு 69-வது நிமிடத்தில் கௌரவ் போரா, பின்கள ஆட்டக்காரர். ஆட்டம் முடியும் தறுவாயில், கூடுதல் நிமிடங்களில் மறுபடியும் அதே போரா. 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் 2-1 என்று ஜெயித்துவிட்டது, ஆனால் பயனில்லை. 43-க்கு 42. தமிழ்நாட்டு கிளப் ஒன்று முதன்முறையாக ஐ-லீக் பட்டம் வாங்கியது. அந்தப் பெரியவர் என் பேரனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். யாரோ எவரோ.

திரும்பும் பஸ்ஸில், அவிநாசி தாண்டும்போது என்று நினைவு, பேரன் கேட்டான். "தாத்தா, இப்ப ஜெயிச்சுட்டாங்கல்ல, அடுத்த வருஷம் ஐ.எஸ்.எல்.லுக்குப் போவாங்களா?"

"போக முடியாதுடா."

"ஏன்?"

அந்த 'ஏன்'-தான் இந்தக் கட்டுரை. அன்று தூங்குவது போல் பாவனை செய்து தப்பித்தேன்.

பதில் இதுதான். ஐ-லீக் 2007-ல் வந்தது, ஐ.எஸ்.எல். 2014-ல் வந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று மேல் கீழ் என்று இணைக்கப்படவில்லை. இரண்டு தனித்தனி மாடிகள், நடுவில் படிக்கட்டு கிடையாது. 2017-ல் மிசோரத்தின் ஐஸால் எஃப்.சி. ஐ-லீக் பட்டம் வாங்கியது. 2018-ல் மினெர்வா. 2019-ல் சென்னை சிட்டி. மூன்றும் சின்ன கிளப்புகள், மூன்றுமே பெரிய கிளப்புகளைப் பின்னுக்குத் தள்ளியவை, மூன்றும் நின்ற இடத்திலேயே நின்றன. அதற்கு மேல் கொடுமை, 2019-20 சீசனிலிருந்து ஐ.எஸ்.எல்.தான் நாட்டின் முதல் நிலை லீக் என்று ஆகிவிட்டது. ஆக, சென்னை சிட்டி முதல் நிலைப் பட்டத்தை வென்ற சில மாதங்களில், ஒரு ஆட்டமும் தோற்காமலே இரண்டாம் நிலைக்கு இறங்கிவிட்டது. உதவியாளர் பதவி உயர்வு ஆணையைக் கையில் கொடுத்துவிட்டு, உதவியாளர் என்பது இனி இளநிலை உதவியாளருக்குச் சமம் என்று அடுத்த மாதம் அரசாணை போட்டால் எப்படி இருக்கும்?

பதவி உயர்வு என்றால் என்ன என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். ஒருமுறை நான் வேலை பார்த்த அலுவலகத்தில் பட்டியல் வந்தபோது என் வரிசை எண் ஏழு. காலியிடம் ஆறு. அந்தப் பட்டியல் அப்படியே காலாவதி ஆனது. இரண்டு வருஷம் கழித்துத்தான் அடுத்தது. வயிறு எரிந்தது உண்மை. ஆனால் ஏழாவது ஆள் வேலையை விட்டு ஓடவில்லை, ஏனென்றால் அடுத்த பட்டியல் என்று ஒன்று உண்டு என்று அவனுக்குத் தெரியும். பட்டியலே கிடையாது என்று சொல்லியிருந்தால் நான் அந்த நாற்காலியில் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பேன் என்று தெரியாது.

கிளப்பில் இருந்தவர்களும் நாற்காலியில் உட்காரவில்லை. நெஸ்டர் கோர்டில்லோ ஹைதராபாத்துக்குப் போனார். எட்வின் சிட்னி வான்ஸ்பால் சென்னையின் எஃப்.சி.க்குப் போனார். 2020 தொடக்கத்தில் மான்ஸி ஜப்பானுக்குப் போய்விட்டார். ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் அல் ரிஃபாவிடம் 1-0 என்று தோல்வி. 2021-22 சீசனுக்கான ஐ-லீக் பட்டியலைப் பார்த்தால் அதில் சென்னை சிட்டியின் பெயரே இல்லை. பட்டம் வாங்கி மூன்று வருஷம்கூட முடியவில்லை.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. பட்டம் வென்ற அதே சீசனில் சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் கிளப் இவர்களிடம் 26 சதவீதப் பங்கு வாங்கியது. (எங்கள் பூகோளப் புத்தகத்தில் அந்த ஊர் 'பால்'. வகுப்பில் நாங்கள் சிரித்துச் சிரித்து அடி வாங்கிய ஊர்.) ஐரோப்பியப் பணம் வந்துவிட்டது, இனி என்ன கவலை என்று அன்று நானும் நினைத்தேன். பணம் வந்தது சரி, அந்தப் பணம் ஏறிப்போக மேலே ஒரு இடம் வேண்டுமே.

இந்த இடத்தில்தான் எனக்கு பெல்ஜியம் ஞாபகம் வருகிறது. ஓய்வு பெற்ற பிறகு பிரெஞ்சு மறந்துபோகாமல் இருக்க, காலையில் போனில் அந்த ஊர்ச் செய்திகளைப் படிப்பது என் வழக்கம். பிரஸ்ஸல்ஸில் யூனியன் சேன்-ழிலுவாஸ் என்று ஒரு கிளப். போருக்கு முன்னால் பெரிய கிளப், 1935-க்குள் 11 பட்டம். பிறகு சரிந்தது. 48 வருஷம் முதல் பிரிவை எட்டிப் பார்க்கவில்லை. அரங்கம் பத்தாயிரம் பேர்கூடக் கொள்ளாது. 2018-ல் இங்கிலாந்துக்காரர் டோனி புளூம் வாங்கினார். 2021-ல் முதல் பிரிவுக்கு ஏறினார்கள்.

அடுத்த சீசனே முதல் இடம். ஆனால் பெல்ஜியத்தில் ஒரு விசித்திர விதி இருந்தது. வழக்கமான சுற்று முடிந்ததும் மேல் அணிகளுக்குத் தனியாக ஒரு சுற்று, அதற்குப் போகும்போது எல்லோருடைய புள்ளிகளையும் பாதியாக வெட்டிவிடுவார்கள். பணிமூப்பில் பாதியை வெட்டுவது மாதிரி. இவர்கள் சேர்த்து வைத்த முன்னிலை கரைந்து, பட்டம் புரூஹ் கிளப்புக்குப் போனது. 2023-ல் கடைசி நாள், கடைசி நிமிடங்களில் நழுவியது. 2024-ல் பெல்ஜியக் கோப்பை கிடைத்தது. 2025-ல் வழக்கமான சுற்றில் மூன்றாவது இடம்தான், ஆனால் இம்முறை அதே பாதி விதி இவர்களுக்கு உதவியது. மே 25 அன்று ஹென்ட் அணியை 3-1 என்று வென்று, 90 வருஷம் கழித்துப் பட்டம். 3-1 என்றதும் எனக்குக் கோவை ஞாபகம் வந்ததை மறைப்பதற்கில்லை.

பெல்ஜியத்தில் எல்லாம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. லோகரன் கிளப் 2020-ல் திவாலானது, மூக்ரோன் 2022-ல். கதவு திறந்திருந்தாலும் கடன்காரன் அதே கதவு வழியாகத்தான் வருவான். சென்னை சிட்டியையும் நான் தியாகியாக்க விரும்பவில்லை. ஐ-லீக்குக்குள் அவர்கள் 2016-17-ல் வந்ததே கீழ்ப் பிரிவில் ஜெயித்தல்ல, நேரடி அனுமதி பெற்றுத்தான். படிக்கட்டு ஏறாமல் மாடிக்கு வந்தவர், அடுத்த மாடிக்குப் படிக்கட்டு இல்லை என்று அழுதால் பார்ப்பவனுக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் அந்த நேரடி அனுமதி முறையை வைத்தது கிளப் அல்லவே. ஏறும் வழியை ஒழுங்காகப் போடாத வீட்டில், வருகிறவன் ஜன்னல் வழியாகத்தான் வருவான். பிறகு ஜன்னல் வழியாகவே போய்விடுவான். "முதலாளிக்குப் பொறுப்பில்லை, கிளப் அழிந்தது" என்று நண்பர்கள் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். முதலாளி மாறலாம். யூனியனுக்கும் மாறினார். புதியவர் வாங்க வரவேண்டுமானால், வாங்குகிற சாமான் நாளைக்கு என்னவாக ஆகலாம் என்று ஒரு ஆசை காட்ட வேண்டும்.

இப்போது அந்தக் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. 2023-ல் ஐ-லீக் பட்டம் வாங்கிய பஞ்சாப் எஃப்.சி. ஐ.எஸ்.எல்.லுக்குப் போனது. அது வேறு யாருமல்ல, அன்று கோவையில் எங்களிடம் தோற்ற அதே மினெர்வா, கைமாறிப் பெயர் மாறியது. 2024-ல் முகமதன் ஸ்போர்ட்டிங் போனது. 2025 பட்டம் யாருக்கு என்ற வழக்கு சுவிட்சர்லாந்து நடுவர் மன்றம் வரை போய் இன்டர் காசிக்கு என்று முடிந்தது. வழக்கு போடுகிற அளவுக்குப் பட்டத்துக்கு மதிப்பு வந்ததே என்று எனக்குச் சந்தோஷம்தான். கோவைக்குத்தான் நான்கு வருஷம் தாமதம்.

ஸ்டேடியத்துக்கு வெளியே அன்று பேரன் அடம்பிடித்து ஒரு கழுத்துத் துண்டு வாங்கினான். ரொம்ப நாள் அவன் அறைக் கதவில் தொங்கியது. இப்போது எங்கள் ஸ்கூட்டரைத் துடைக்கிறது. அவன் பத்தாம் வகுப்போடு பந்தை விட்டுவிட்டு, ஐ.டி.ஐ. முடித்து, ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறான். எந்த லீக்கிலும் ஆடியிருப்பான் என்று சொல்லமாட்டேன், அவனுக்கு வலது கால் வெறும் அலங்காரம்தான்.

யூனியன் ஜெயித்த அன்று ராத்திரி நைட் ஷிப்ட் இடைவேளையில் போன் செய்தான். நான் உற்சாகத்தில் 90 வருஷக் கதை முழுவதையும் சொல்லி முடித்தேன். பொறுமையாகக் கேட்டான்.

"ஜெயிச்சுட்டாங்க, சரி. இவங்க இனி எங்க போவாங்க தாத்தா?"

"சாம்பியன்ஸ் லீக்குடா."

"ஓ," என்றான். கொஞ்ச நேரம் பின்னால் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, டீ ஆறுகிறது என்று சொல்லி வைத்துவிட்டான்.