வர்ணனை இல்லாத செய்திப்படம்

எண்பதுகளில் சினிமாக் கொட்டகைக்குப் போனவர்களுக்கு நினைவிருக்கும். படம் தொடங்கும் முன் அரசுச் செய்திப்படம் ஓடும். அமைச்சர் ரிப்பன் வெட்டுவார். கம்பீரமான குரல் ஒன்று நாட்டின் முன்னேற்றத்தை விவரிக்கும். நம்மில் பாதிப் பேர் அப்போது வெளியே முறுக்கு வாங்கிக்கொண்டிருப்போம்.

எனக்கு அந்தப் படங்கள் மீது பழைய மனத்தாங்கல் ஒன்று உண்டு. நான் ரயில்வேயில் சேர்ந்த புதிதில் ஒரு பாலத்தின் திறப்பு விழாவைப் படம்பிடிக்க வந்தார்கள். மூன்று மழைக்காலம் ஆற்றில் நின்று உழைத்த கலாசிகளை, "படத்தில் விழுகிறீர்கள், தள்ளிப் போங்கள்" என்று விலக்கினார்கள். அவர்களும் பேசாமல் ஒதுங்கிப் போனார்கள். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

விடுமுறைக்கு வந்த என் பேரன் சென்ற மாதம் ஒரு ரஷ்யப் படத்தைப் போட்டுக் காட்டினான். செர்கேய் லோஸ்னிட்சா என்பவர் 2006-இல் தொகுத்த 'பிளாக்கேட்'. அதாவது முற்றுகை. லெனின்கிராட் நகரம் 1941 செப்டம்பர் 8 முதல் 1944 ஜனவரி 27 வரை, 872 நாட்கள், ஜெர்மானியப் படைகளால் சூழப்பட்டிருந்தது. அப்போது அங்கேயே இருந்த ஒளிப்பதிவாளர்கள் எடுத்த சுருள்களைக் கொண்டே முழுப் படமும் அமைந்திருக்கிறது. வர்ணனை கிடையாது. பின்னணி இசையும் கிடையாது.

முதலில் தெருவில் டிராம் ஓடுகிறது. பிறகு பனி விழுகிறது. டிசம்பரில் மின்சாரம் இன்றி டிராம்கள் நின்றுபோகின்றன. தெருவில் தேங்கிய தண்ணீரைப் பெண்கள் வாளியில் மொண்டு எடுக்கிறார்கள். துணி சுற்றிய சடலத்தைச் சறுக்கு வண்டியில் ஒருவர் இழுத்துப் போகிறார். எதிரே வருபவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அந்த மாதத்தில் தொழிலாளி அல்லாதவருக்கு ஒரு நாள் ரொட்டி 125 கிராம்தான். லட்சக்கணக்கானோர் மாண்டார்கள், பெரும்பாலும் பசியால்.

இதே முற்றுகையைப் பற்றி 1942-லேயே சோவியத் அரசு ஒரு செய்திப்படம் வெளியிட்டது. அதில் வர்ணனை உண்டு, வீரம் உண்டு. அதைக் குறை சொல்ல மாட்டேன். போர்க்காலத்தில் மக்களுக்குத் தெம்பு வேண்டும். ஆனால் அந்தக் குரல் நம் கண்ணைத் தனக்கு வேண்டிய இடத்துக்கு இழுத்துப் போகிறது. குரலை எடுத்துவிட்டால் ஓரத்தில் நிற்கும் மனிதரும் கண்ணில் படுகிறார். கடைசிக் காட்சி 1946 ஜனவரியில் ஜெர்மானியக் கைதிகளைப் பொது இடத்தில் தூக்கிலிடுவது. பெருங்கூட்டம் பார்த்து நிற்கிறது. அதைப் பற்றி என்ன நினைப்பது என்று யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை.

"விளக்கம் இல்லாவிட்டால் இளைஞர்களுக்கு என்ன புரியும்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். தேதியும் இடமும் கொடுக்கட்டும். புகழுரை மட்டும் வேண்டாம் என்பது என் பதில். எனக்கும் ஒரு குறை உண்டு. அந்தச் சுருள்களில் ஒலி கிடையாது. டிராம் சத்தமும் பனியில் நடக்கும் காலடி ஓசையும் பின்னாளில் சேர்த்தவை. அதைப் பார்ப்பவருக்குச் சொல்லிவிட வேண்டும். புதுப்பித்த இயந்திரத்தில் எது பழைய பாகம், எது புதியது என்று ரிஜிஸ்தரில் குறித்து வைப்பது எங்கள் தொழில் வழக்கம்.

1943 ஜனவரியில் முற்றுகையில் ஒரு சிறு வழி திறந்ததும், எதிரியின் பீரங்கிக்கு எட்டும் தூரத்தில், 33 கிலோமீட்டர் ரயில் பாதையை 17 நாட்களில் போட்டார்கள். உறைந்த நேவா நதியில் மரக் கம்பங்களை அடித்து அதன் மேல் பாலம். உழைத்தவர்களில் பெண்கள் ஏராளம். பிப்ரவரி 7-ஆம் தேதி முதல் ரயில் நகருக்குள் வந்தது. இதைப் படித்தபோது எனக்கு அந்தக் கலாசிகள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

இப்போது நம் சங்கத்துக்கு வருகிறேன். வெள்ளி விழா ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள். வந்துபோன விருந்தினர் அனைவரும் மாலையோடு இருக்கிறார்கள். நாற்காலி வாடகைக்குப் பணம் புரட்டியவர், விடியற்காலை நான்கு மணிக்குச் சர்க்கரைப் பொங்கல் கிளறியவர், பந்தலுக்குக் கயிறு கட்டியவர் ஒருவர்கூட இல்லை. அவர்களில் சிலர் இன்று உயிரோடும் இல்லை. இந்த ஊருக்கு நாம் எப்படி வந்தோம், எப்படி ஒன்று சேர்ந்தோம் என்று நம் பேரக்குழந்தைகள் கேட்டால் காட்ட எதுவும் இல்லை.

இன்று எல்லார் கையிலும் கேமரா இருக்கிறது. வரும் பொங்கல் விழாவில் இளைஞர்கள் அரைமணி நேரமாவது அதை மேடையிலிருந்து சமையற்கட்டுப் பக்கம் திருப்ப வேண்டும். தேதியையும் அங்கே நிற்பவர்களின் பெயர்களையும் எழுதி வையுங்கள். வர்ணனை தேவையில்லை. யாரையும் தள்ளி நிற்கச் சொல்லாதீர்கள்.